பேரேட்டுப் பெயர்கள்: ஊவாத் தோட்டப்புறப் பெண்பாலாரும் கூட்டுக் கலைக்களஞ்சியமும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் நாடுவது ஏடுகளையே. கல்வெட்டும் செப்பேடும், ஓலையும் காகிதமும் எவர் பெயரைத் தாங்கி நிற்கின்றனவோ அவர் வரலாற்றில் இடம்பெறுகின்றனர். ஏட்டில் ஏறாதவர் மறக்கப்படுகின்றனர். இது பொதுவிதி. ஆயின், ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் இவ்விதிக்கு மாறான விந்தையொன்றைக் காணலாம். அங்கு உழைத்த பெண்களின் பெயர்கள் ஏட்டில் எழுதப்படாதவை அல்ல; நாள்தோறும் எழுதப்பட்டவை. காலைப் பிரட்டில் கூப்பிடப்பட்ட பெயர், மாலையிற் கொழுந்து நிறுக்கப்பட்டபின் செக்ரோல் எனும் பேரேட்டிற் பதியப்பட்டது. தோட்டத்து வழக்கில் ‘பேர்’ என்னுஞ் சொல்லே ஒரு நாட்கூலியைக் குறிப்பதாயிற்று. குறித்த நிறைக்குக் குறைவாகப் பறித்தவளுக்கு ‘அரைப்பேர்’ போடப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக இவ்வாறு எழுதப்பட்டுவந்த பெயர்களுள் எத்தனை வரலாற்று நூல்களுக்கு வந்து சேர்ந்தன என்று வினவுவோமாயின், விடை மிகச் சிலவே என்பதாகும்.

இவ்வினா இன்று புதியதொரு பொருள் பெற்றுள்ளது. பலர் கூடி இணையத்தில் எழுதும் விக்கிப்பீடியா என்னுங் கலைக்களஞ்சியம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் முதற்கண் கைக்கெட்டும் நூலாகிவிட்டது. அதில் இல்லாத ஒன்றை இல்லாததாகவே கொள்ளும் மனப்பான்மையும் உடன் வளர்ந்துள்ளது. இக்குறையை உணர்ந்தோர் உலகின் பல நகரங்களிலும் ஓரிடத்திற் கூடி, ஒரே நாளில், பெண்களின் வரலாறு பற்றிய கட்டுரைகளை எழுதித் திருத்தும் நிகழ்வுகளை நடத்தி வருகின்றனர். தமிழில் இவற்றைத் தொடர்தொகுப்பு நிகழ்வுகள் என்பர். பதுளையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இத்தகைய முயற்சி எவ்வாறு அமைதல் வேண்டும், அது எதிர்கொள்ளும் இடர் யாது என்பனவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வது பயனுடைத்து.

கலைக்களஞ்சிய மரபு

பெயர்களைத் தொகுத்து வைக்கும் பணி ஈழத்தமிழர்க்குப் புதியதன்று. சைமன் காசிச்செட்டி 1859ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தமிழ் புளூராக்’ தமிழ்ப் புலவர்களின் வாழ்க்கைக் குறிப்புக்களை அகரவரிசையில் தந்தது. அதனையடுத்து 1886இல் ஆ. சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ வெளிவந்தது. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902இல் ‘அபிதானகோசம்’ என்னும் நூலை வெளியிட்டுத் தமிழிற் கலைக்களஞ்சிய முறைக்கு வழிவகுத்தார். எட்டு ஆண்டுகளின் பின், 1910இல், ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வாயிலாக வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் ‘கலைக்களஞ்சியம்’ வெளியிட்டது.

இந்நூல்களின் பெருமையைக் குறைத்துக் கூறுதல் நன்றியின்மையாகும். தனியொருவர் பல்லாண்டு உழைத்து இத்துணைச் செய்திகளைத் திரட்டியது வியத்தற்குரியது. எனினும் அவை எவரைப் பதிந்தன, எவரை விடுத்தன என நோக்குதல் தவறாகாது. புலவரும் அரசரும் முனிவரும் அவற்றில் நிறைந்துள்ளனர். பெண்பாலாருள் தெய்வங்களும் காப்பியத் தலைவியரும் ஔவையார் போன்ற புலமைச் செல்வியரும் இடம்பெற்றனர். உழைத்து வாழ்ந்த பெண்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை. இதனை ஆசிரியர்தம் குற்றமென்று கொள்ளலாகாது. அவர்கள் முன்பிருந்த நூல்களிலிருந்தே செய்தி திரட்டினர். முன்பிருந்த நூல்கள் எவரைப் பேசினவோ அவரையே பின்வந்த நூலும் பேசிற்று. ஒரு நூலின் மௌனம் அடுத்த நூலுக்கும் மரபுரிமையாயிற்று.

விக்கிப்பீடியா 2001ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிற்று. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு செப்தெம்பரில் உருவாயிற்று. அதன் தொடக்க காலத்தில் கட்டுரைகளை எழுதியும் அமைப்பை ஒழுங்குபடுத்தியும் அதனை நிலைபெறச் செய்தவர் ஈழத்தவரான இ. மயூரநாதன் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. முத்துத்தம்பிப்பிள்ளை காலந்தொட்டு வந்த மரபு இங்கும் அறுபடவில்லை. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் அதன் கட்டுரைகள் ஓரிலக்கத்தை எட்டின.

பழைய களஞ்சியங்களுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அங்கே ஆசிரியர் ஒருவர் அல்லது குழுவொன்று. இங்கே எழுத விரும்பும் எவரும் ஆசிரியர். ஆயினும் எவரும் எழுதலாம் என்பது எல்லோரும் எழுதுகின்றனர் என்றாகாது. 2011ஆம் ஆண்டு விக்கிமீடியா அறக்கட்டளை நடத்திய ஆய்வில், தொகுப்போருள் பெண்கள் பத்தில் ஒரு பங்கினும் குறைவெனத் தெரியவந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளுள் பெண்களைப் பற்றியவை 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ 15½ விழுக்காடே. கதவு திறந்திருந்தும் உள்ளே வந்தவர் ஒருசாராரே என்பது இதனாற் பெறப்படும்.

தொகுப்பு நிகழ்வுகளின் தோற்றம்

இந்நிலையை மாற்ற எழுந்த முயற்சிகளுள் இரண்டு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. நியூயோர்க் நகரில் 2014ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘கலையும் பெண்ணியமும்’ என்னும் பெயரில், கலைத்துறைப் பெண்களைப் பற்றி எழுதும் நிகழ்வு நடைபெற்றது. அதே நாளிற் பிற நகரங்களிலும் மக்கள் கூடி எழுதினர். பின்னர் அஃது ஆண்டுதோறும் பல நாடுகளிற் பரவிற்று. அடுத்த ஆண்டு ‘சிவப்பில் உள்ள பெண்கள்’ என்னுந் திட்டம் தோன்றிற்று. விக்கிப்பீடியாவில் எழுதப்படாத கட்டுரைக்கான இணைப்புச் சிவப்பு நிறத்தில் தோன்றும், எழுதப்பட்டதும் நீலமாகும். சிவப்பை நீலமாக்குதலே அத்திட்டத்தின் நோக்கம். இவ்வாறான தொடர் முயற்சிகளால் ஆங்கில விக்கிப்பீடியாவிற் பெண்களின் பங்கு படிப்படியாக உயர்ந்து 20 விழுக்காட்டை அண்மித்தது.

குறைபாட்டின் வேர் எங்குள்ளது என்பதை 2018ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று தெளிவாக்கிற்று. அவ்வாண்டு ஒக்தோபர் மாதம் 2ஆந் திகதி பௌதிகவியல் நோபல் பரிசு கனடா நாட்டு அறிஞர் டொனா இசுற்றிக்லண்டுக்கும் வேறிருவர்க்கும் அறிவிக்கப்பட்டது. அன்றுவரை அவரைப் பற்றி விக்கிப்பீடியாவிற் கட்டுரை இருக்கவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒருவர் எழுதிய வரைவு, போதிய சான்று காட்டப்படவில்லை என்ற காரணத்தால் ஏற்கப்படாதிருந்தது. களஞ்சியத்தின் விதி தன்னளவிற் பிழையன்று. சான்றில்லாதவற்றை ஏற்பின் அது களஞ்சியமாகாது. ஆனால் வெளியுலகம் ஒரு பெண்ணின் பணியை எழுதாதவிடத்து, அவ்வெழுதாமையே அவளுக்கு எதிரான சான்றாகிவிடுகின்றது. உலகறிந்த ஆய்வறிஞருக்கே நிலை இதுவாயின், நமுனுகலையிலோ மடுல்சீமையிலோ கொழுந்து பறித்தவளின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஊவாத் தோட்டங்களின் வரலாறு

ஊவா 1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாயிற்று. கோப்பிப் பயிர் செழித்த காலத்திற் தமிழகத்திலிருந்து வந்தோர் பெரும்பாலும் ஆடவரே. அறுவடைக் காலத்திற்கு வந்து மீண்டனர். 1869இற் காணப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழிக்க, அதனிடத்திற் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் உழைப்பு வேண்டியிருந்தது. ஆகவே குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியமர்த்தப்பட்டன. கொழுந்து பறித்தல் பெண்களின் தொழிலாயிற்று. தோமஸ் லிப்டன் 1890இல் ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கி ஊவாத் தேயிலையை உலகறியச் செய்தார். 1924இற் புகையிரதப் பாதை பதுளையை எட்டிற்று. லிப்டனின் பெயர் மலையுச்சி ஒன்றுக்கே சூட்டப்பட்டுள்ளது. அம்மலைச் சரிவிற் கூடை சுமந்தவர்களின் பெயர்கள் பேரேட்டுக்கு அப்பாற் செல்லவில்லை.

பேரேட்டிலும் அப்பெயர்கள் சமமாக மதிக்கப்பட்டனவல்ல. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ், 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் விதிக்கப்பட்டன. அதாவது பெண்ணின் முழுப்பேரும் ஆணின் பேரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. அக்கூலியையும் கணவனோ தந்தையோ சென்று கையேற்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. ஆண் பெண் நாட்கூலி 1984ஆம் ஆண்டிலேயே சமனாக்கப்பட்டது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் சட்டத்தின் துணையுடன் நிலைத்த இவ்வேறுபாடு பெண்களின் வரலாற்றில் தனியோர் அதிகாரத்துக்குரியது.

வாக்குரிமையின் வரலாறும் இத்தகையதே. 1927இல் அமைக்கப்பட்ட பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா முதலியோர் டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தனர். தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ எனக் கேட்கப்பட்டபோது, அவர்களும் பெண்களே, ஆதலின் அவர்களுக்கும் வேண்டும் என அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே அவ்வுரிமையைப் பரிந்துரைத்தது. ஈற்றில் 1931இல் இருபத்தொரு வயதடைந்த ஆண்பெண் இருபாலார்க்கும் அது கிடைத்தது. வதிவிடத் தகுதி பெற்ற தோட்டப் பெண்களும் வாக்களித்தனர். அடுத்த ஆண்டு நேசம் சரவணமுத்து வட கொழும்பு இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபையில் அமர்ந்தார். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1931இல் வாக்களித்த பெண், பதினெட்டு ஆண்டுகளின் பின் வாக்கற்றவளானாள்.

இங்கும் பேரேடே குறுக்கிட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி குடியுரிமை கோரியோர், 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன் இடையறாது வதிந்தமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மணமானோர்க்கு ஏழு ஆண்டும் ஏனையோர்க்குப் பத்து ஆண்டும் விதிக்கப்பட்டன. அதற்குத் தோட்டப் பதிவுகளே முதன்மைச் சான்று. கிளாக்கர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் பிறிதோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதிய பெயர் விண்ணப்பத்துக்கு இடையூறாயிற்று. கூலி போடுவதற்காக எழுதப்பட்ட பெயர் நாட்டுரிமையையே தீர்மானிக்கும் பொருளாயிற்று. பின்னர் 1964 ஒக்தோபர் 30ஆந் திகதிய சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சியோரின் நிலை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலேயே தீர்வு பெற்றது. பெயர் சரியாக எழுதப்படுதல் மலையகத்தில் ஆராய்ச்சியாளரின் ஆர்வத்துக்கு மட்டும் உரியதன்று. அது வாழ்வுரிமையோடு பிணைந்த செய்தி. 2014 ஒக்தோபர் 29ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியபோது, காணாமற் போனோரின் தொகை தொடக்கத்தில் வெவ்வேறாகச் சொல்லப்பட்டமை அதனை மீண்டும் உணர்த்திற்று.

எழுதப்பட வேண்டியவை

சான்றுள்ள பெண்களே இல்லையோ எனின், அவ்வாறன்று. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் ‘தேசபக்தன்’ பத்திரிகையில் எழுதியவர். பெண்களின் முன்னேற்றத்தை வற்புறுத்தியவர். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களிற் பாடல்கள் இசைத்து மக்களைத் திரட்டியவர். அவருடைய பாடல்கள் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பெயரில் நூலாயின. எனினும் அவரைப் பற்றிய செய்திகள் பெரிதும் நடேசய்யரின் வரலாற்றின் ஒரு பகுதியாகவே கிடைக்கின்றன. 1988இல் வெளிவந்த சாரல்நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ போன்ற நூல்களிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்து, அவரைத் தனிப்பொருளாக வைத்து எழுதுதல் தொகுப்பாளர்க்குத் தகுந்த பணியாகும். கோகிலம் சுப்பையா 1964இல் எழுதிய ‘தூரத்துப் பச்சை’ தோட்ட வாழ்வைப் பெண்ணின் பார்வையிற் தீட்டிய நாவல். நூலாசிரியையும் நூலும் தனித்தனிக் கட்டுரைகளுக்கு உரியவை. 2024 நவம்பர் 14ஆந் திகதிப் பொதுத்தேர்தலில் பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாயினர். மலையகத் தமிழ்ப் பெண்கள் நேரடித் தேர்தல் மூலம் பாராளுமன்றம் புகுந்தது அதுவே முதன்முறை. 1931க்கும் 2024க்கும் இடைப்பட்ட தொண்ணூற்று மூன்று ஆண்டுகளின் கதை எழுதப்படாவிடின், அவ்வெற்றியின் பொருளும் விளங்காது.

ஆயினும் தனிமனிதர் வாழ்க்கை வரலாறுகளை மட்டும் எண்ணுதல் ஊவாவுக்குப் பொருந்தாது. விக்கிப்பீடியாவிற் ‘குறிப்பிடத்தக்கமை’ என்றொரு விதியுண்டு. தற்சார்பற்ற, நம்பத்தகுந்த வெளியீடுகள் விரிவாகப் பேசியவரே தனிக்கட்டுரைக்கு உரியர். கொழுந்து பறித்த பெண்ணொருத்தி இவ்விதியைக் கடத்தல் அரிது. ஆனால் அவள் செய்த தொழில், பெற்ற கூலி, பிள்ளையை விட்டுச்சென்ற பிள்ளைக்காம்பரா, பேறுகாலம் பார்த்த தோட்டத்து மருத்துவிச்சி, 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம், பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் ஆகிய பொருள்கள் யாவும் ஆய்வாளராற் பேசப்பட்டவை. ஊவாவின் பெண்வரலாறு முதலிற் பொருட்கட்டுரைகளாக எழுதப்படுதலே முறை.

1940ஆம் ஆண்டின் வெவெஸ்ஸத் தோட்ட வேலைநிறுத்தத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவ்வாண்டு தோட்டங்களிற் பரவிய போராட்ட அலை ஊவாவை அடைந்தபோது, பதுளையை அண்மிய அத்தோட்டத்துத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தனர். துரையும் அச்சபையைக் கலந்து நடக்க இணங்கினார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிசாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கினர். இறுதியில் அப்போராட்டம் அடக்குமுறையால் ஒடுக்கப்பட்டது. வெள்ளம் ஊவாவை ஏனைய பகுதிகளினின்றுந் துண்டித்தமையும் அதற்குத் துணையாயிற்று. இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பெரும்பாலும் சமசமாஜத் தலைவர்களின் பெயர்களையே கூறுவர். ஆனால் தேயிலைத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் என்பது யாது? கொழுந்து பறிக்கப்படாமையே அதன் உயிர்நாடி. பறிப்போரோ பெண்கள். அவர்கள் கூடையை இறக்கி வைக்காவிடின் அவ்வேலைநிறுத்தமே நிகழ்ந்திராது. இக்கருத்தை ஊகமாக எழுதுதல் களஞ்சியத்துக்கு ஏலாது. அக்காலப் பத்திரிகைச் செய்திகளையும் தேசிய சுவடிகள் திணைக்களத்து ஆவணங்களையும் தேடிச் சான்றோடு எழுதுதல் வேண்டும். சரியான வினாவை எழுப்புதலே அத்தேடலின் முதற்படி.

வாய்மொழிப் பாடல்களின் நிலையும் கருதத்தக்கது. சி. வி. வேலுப்பிள்ளை அரிதின் முயன்று திரட்டிய ‘மலைநாட்டு மக்கள் பாடல்’ இல்லையேல் அவற்றுட் பல மறைந்திருக்கும். தொகுத்தவர் பெயர் நூலின் முகப்பில் நிற்கின்றது, அது தக்கதே. பாடிய பெண்கள் பெயரற்ற மரபாய் நிற்கின்றனர். ஹாலி-எலையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் அப்பெண்கள் உயிரோடு நடமாடுகின்றனர். எனினும் கதை வேறு, வரலாற்றுச் சான்று வேறு என்பதைத் தொகுப்பாளர் மறத்தலாகாது.

நிகழ்வை அமைக்கும் முறை

பதுளையில் இத்தகைய நிகழ்வொன்றை அமைப்போர் கருத வேண்டியவை சில உள. முதலாவது, நாளைத் தெரிதல். தோட்டத்திலிருந்து வரும் பெண்களையும் உள்ளடக்க வேண்டுமாயின் ஞாயிறே ஏற்றது. அவர்களை எழுதப்படும் பொருளாக மட்டுங் கருதாது, அறிவுடையோராகவும் அழைத்தல் வேண்டும். அரைப்பேர் என்பதன் நுட்பத்தை விளக்கப் பேரேட்டிற் பெயரிருந்தவளினும் தக்கார் யாவர்?

இரண்டாவது, முன்னேற்பாடு. நிகழ்வு நாளிற் சான்று தேடத் தொடங்கின் நாள் வீணாகும். எழுதவேண்டிய பத்துப் பொருள்களை முன்னரே தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய நூற்பகுதிகளையும் பத்திரிகைச் செய்திகளையும் தனித்தனிக் கோவைகளாக்கி வைத்தல் நன்று. 1930இல் தொடங்கிய ‘வீரகேசரி’, 1932இல் தொடங்கிய ‘தினகரன்’ என்பவற்றின் பழைய இதழ்களும் தொழிற்சங்க வெளியீடுகளும் கோயில் மலர்களும் பாடசாலை மலர்களும் இவற்றுள் அடங்கும். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் பல்லாயிரக்கணக்கிற் கிடைக்கின்றன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயத்துக்கு, ஒரே படியை ஓரிடத்தில் மட்டும் வைத்திருப்பதன் தீங்கைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, நுட்ப ஒழுங்குகள். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு புதிய கணக்குகளே தொடங்க இயலும் என்ற வரையறை உண்டு. இருபது மாணவர் ஒரே மண்டபத்திற் கூடியபின் இதனை அறிந்து திகைப்பதினும், முதல் வாரத்திலேயே அவரவர் இல்லத்திற் கணக்குத் தொடங்கச் செய்தல் எளிது. தமிழில் தட்டச்சிடும் பயிற்சியும் அவ்வாரத்திலேயே அளிக்கப்படலாம். முதல் வரைவை மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் எழுதி, அனுபவமுள்ள தொகுப்பாளர் பார்வையிட்டபின் பொதுவெளிக்கு நகர்த்துதல் வேண்டும். ஐந்து புதியவர்க்கு ஒரு பழகியவரேனும் அருகில் இருத்தல் நலம்.

நான்காவது, எழுதும் ஒழுக்கம். நூலிலுள்ளதை அப்படியே பெயர்த்தெழுதுதல் பதிப்புரிமைக்கு மாறானது. சொந்த நடையில் எழுதிச் சான்று காட்ட வேண்டும். புகழுரையும் புலம்பலும் களஞ்சிய நடைக்கு ஒவ்வா. கூலி 43 சதம் என எழுதினாற் போதும், அதன் கொடுமையைப் படிப்பவரே உணர்வர். ஒரு பெண்ணை இன்னாரின் மனைவி என்று தொடங்காது, அவள் செய்த பணியைக் கொண்டு தொடங்குதல் முறை. உயிரோடிருக்கும் தனியாட்களின் பெயரையும் குடும்பச் செய்திகளையும் அவர்தம் இசைவின்றி வெளியிடல் அறமன்று. பெயரின்மை ஒரு தீங்காயின், வேண்டாதவளின் பெயரை உலகறியச் செய்தலும் மற்றொரு தீங்கே.

ஐந்தாவது, தொடர்ச்சி. ஒரு நாளில் எழுதப்பட்ட கட்டுரை மறுவாரம் நீக்கப்படலாம், திருத்தப்படலாம், பிற கட்டுரைகளோடு இணைப்பின்றித் தனித்து நிற்கலாம். ஒரு மாதத்தின் பின் மீண்டுங் கூடி, நின்றவை எவை, நீங்கியவை எவை, நீங்கிய காரணம் யாது என ஆராய்தலே நிகழ்வின் நிறைவாகும். எத்தனை கட்டுரை எழுதினோம் என்பதினும் எத்தனை நிலைத்தன என்பதே அளவுகோல்.

வாய்மொழியும் அச்சும்

இத்தனையும் செய்தபின்னும் ஒரு பெருந்தடை எஞ்சும். ஊவாத் தோட்டப் பெண்களின் வரலாற்றிற் பெரும்பகுதி அச்சேறாதது. அது பாட்டிமாரின் நினைவில் உள்ளது. விக்கிப்பீடியா அச்சேறிய சான்றையே வேண்டுகின்றது. 2011ஆம் ஆண்டு விக்கிமீடியா அறக்கட்டளையின் உதவியுடன் அச்சல் பிரபலா என்பவர் இந்தியாவிலும் தென்னாபிரிக்காவிலும் ஓர் ஆய்வு நடத்தி, வாய்மொழிச் சான்றுகளை ஒலிப்பதிவு செய்து மேற்கோளாக்க இயலுமோ எனச் சோதித்தார். அம்முறை பொதுவிதியாக ஏற்கப்படவில்லை. எனினும் அவர் எழுப்பிய வினா இன்றும் உயிருடையது: நூல்கள் குறைந்த சமுதாயங்களின் அறிவு எவ்வாறு களஞ்சியம் ஏறும்?

விதியை மாற்ற முனைவோர் முனைக. அதுவரை செய்யத்தக்க வழியொன்றுண்டு. களஞ்சியம் கேட்பது அச்சுச் சான்றெனின், அச்சுச் சான்றை உருவாக்குதல் கல்விநிலையங்களின் கடன். ஒரு மாணவி தன் பாட்டியிடம் பிரட்டு எத்தனை மணிக்கு, பேர் போட எத்தனை நிறை கேட்டனர், பிள்ளைக்காம்பராவில் எவர் இருந்தார், 1964இன் பின் உறவினர் எவர் கப்பலேறினர் என்று கேட்டு, இடமும் காலமும் குறித்து எழுதட்டும். அதனை ஆசிரியரொருவர் பிற பதிவுகளோடு ஒப்புநோக்கிச் சரிபார்க்கட்டும். அது கல்லூரி மலரில் வெளிவரட்டும். மலர் எண்ணிம நூலகத்தில் சேரட்டும். ஒரு குறிப்பு மட்டும் வரலாறாகிவிடாது. பசறையிலும் லுணுகலையிலும் டெமோதரையிலும் பண்டாரவளையிலும் எழுதப்பட்ட நூறு குறிப்புக்கள் ஆய்வாளர் கையிற் சேரின், அவற்றிலிருந்து நூல் பிறக்கும். நூலிலிருந்து களஞ்சியக் கட்டுரை பிறக்கும். கம்பளைக்கு அண்மையில் அமைந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் பழைய பொருள்களைத் திரட்டிக் காத்திருப்பது போல, ஊவாவின் கல்விநிலையங்கள் சொற்களைத் திரட்டிக் காத்தல் கூடும்.

காலம் இதற்கு நெடிது இடந்தராது. 1949இல் வாக்கிழந்தபோது இளம்பெண்ணாயிருந்தவர் இன்று நூறாண்டை அணுகியிருப்பர். கப்பலேறிய காலத்தை நேரிற் கண்டோரும் முதுமை எய்திவிட்டனர். 2023இல் மலையகத் தமிழரின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடைபயணம் நிகழ்ந்தது. அவ்வழியில் முன்னர் நடந்து வந்தோரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை; அவை மீளா. பேரேட்டில் எழுதப்பட்ட பெயர்களோ இன்னும் சில தோட்டத்து அலுமாரிகளிலும் சில முதியோர் நாவிலும் உள்ளன. கூலிக்காக எழுதப்பட்ட அப்பெயர்களை அறிவுக்காக ஒருமுறை எழுதுதல் இத்தலைமுறையால் இயலும். அடுத்த தலைமுறையால் இயலாது.